மரம் வெட்ட யாரைக் கூப்பிடுவது?

 கொஞ்சம் நீளமான பதிவு. வாசலில் ஒரு வேம்போ, வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னையோ வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படித்தால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போகிறோம். மாட்டுக்கு என்றால் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மரத்துக்கு ஒன்று என்றால்? நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் மரம் வெட்டுகிறவரைத்தான் கூப்பிடுகிறோம். வைத்தியம் பார்ப்பதும் அவர்தான், அடக்கம் செய்வதும் அவர்தான். வெளிநாடுகளில் இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆர்பரிஸ்ட் என்பார்கள். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய மர வளர்ப்பாளர் சங்கம் ஒன்று இன்று உலகம் முழுவதும் பரீட்சை வைத்து அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. ராசிபுரத்தில் அப்படி ஒரு போர்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வேலை தெரிந்த ஆள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. அவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி நடத்துவது என்பதுதான் இந்தப் பதிவு.

எங்கள் வாசலில் இருக்கும் வேம்பு, இந்த வீட்டுக்குக் குடிவந்த 1991இல் வைத்தது. சில வருஷங்களாக மழைக்காலம் முடிகிற நேரத்தில் நம் பக்கத்து வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகி, தீ வைத்த மாதிரி நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பஸ்ஸில் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் பழுப்பாகத் தெரியும். எங்கள் மரமும் அப்படி ஆனது. இலையெல்லாம் சுருண்டு கொட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே வந்துவிட்டார். “ஏனுங்க டீச்சர், மரம் காஞ்சே போச்சுங்களே. ரெண்டு கிளை எங்க மாட்டுக் கொட்டாய் மேல நிக்குது. காத்தடிச்சு முறிஞ்சு விழுந்தா சீட்டும் போச்சு, மாடும் போச்சு” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு பால் மாடுகள்தான் அந்த வீட்டு வருமானம். மரம் என்னுடையது. அது விழுந்து பிறருக்குச் சேதமானால் பொறுப்பும் என்னுடையதுதான்.

விசாரித்ததில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் மர வியாபாரி. அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். “மரம் செத்துப் போச்சுங்க. கூலி எதுவும் வேண்டாம். நானே ஒன்பதாயிரம் கொடுத்து, வேரோட சுத்தம் பண்ணிக் கொடுத்துடறேன்” என்றார். இரண்டாமவர் கிரேன் வைத்திருப்பவர். வீடு பக்கத்தில் இருக்கிறது, கரண்ட் கம்பி போகிறது, ரிஸ்க் அதிகம் என்று சொல்லி, முழு மரத்தையும் எடுக்க இருபத்தைந்தாயிரம் கேட்டார். ஒருவர் காசு தருகிறேன் என்கிறார், இன்னொருவர் காசு கேட்கிறார். ஆனால் மரம் முழுசாகப் போக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

மூன்றாவதாக வந்தவர் என் பழைய மாணவர். எட்டாம் வகுப்பில் அறிவியல் நடத்தினேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டார். அப்பாவோடு தென்னை ஏறப் போனவர் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அதே தொழிலில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய் வேர்ப்பக்கம் மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். கொடுவாளின் பின்பக்கத்தால் தண்டைச் சுற்றி அஞ்சாறு இடத்தில் தட்டினார். பிறகு கருகிய கிளை ஒன்றை வளைத்து, நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை.

“பச்சை இருக்குதுங்க டீச்சர். இதுக்குப் பேரு என்னமோ சொல்லி நடத்துவீங்களே” என்றார்.

“காம்பியம்ப்பா. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கிறது.”

“அதுதானுங்க. அது இருந்தா மரம் இருக்குது. மாசி, பங்குனில துளுக்கும் பாருங்க. கொட்டாய் மேல நிக்கிற ரெண்டு கிளையை மட்டும் எடுத்துடலாம். மத்ததை இப்ப தொட வேண்டாம்.”

வேம்பில் வருகிற இந்த நுனிக்கருகலுக்கு ஃபோமோப்சிஸ் என்ற பூஞ்சையும், தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும் காரணம் என்று வேளாண் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பூச்சி துளைத்த இடம் வழியாகப் பூஞ்சை நுழைகிறது. ஈரமும் குளிரும் இருக்கும் வரை பரவும். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். இது தெரியாமல் செத்துப்போன மரம் என்று நினைத்து எத்தனை வேம்பை விறகுக்குக் கொடுத்துவிட்டார்களோ.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வியாபாரி பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தொழில் அது. செங்கல் சூளைக்கு விறகு வேண்டும், மில்லுக்குக் கட்டை வேண்டும், டன்னுக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறது. ஆனால் கட்டையை விலைக்கு வாங்குகிறவரிடம் போய் இந்த மரம் பிழைக்குமா என்று கேட்பது, கறிக்கடைக்காரரிடம் ஆட்டுக்கு வைத்தியம் கேட்பது போலத்தான். அதனால் என் முதல் யோசனை இதுதான். மரத்தைப் பார்த்துச் சொல்வதற்கும், வெட்டுவதற்கும் கூலி தனியாகப் பேசுங்கள். கட்டை யாருக்கு என்பதை வேறு கணக்காக வையுங்கள். எங்கள் வேலைக்கு இரண்டு ஆள் கூலி, மெஷின் ரம்ப வாடகை எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ஆனது. விறகைப் பக்கத்து வீட்டு அக்காவே எடுத்துக்கொண்டார். கருகிய நுனிகளைத் தனியாகக் குவித்து எரித்துவிட்டோம்.

அவர் கிளையை அறுத்த விதத்தை வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழிருந்து மேலாகக் கொஞ்சம் அறுத்தார். அப்புறம் அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தார். கிளை முறிந்தபோது பட்டை தண்டோடு உரிந்துகொண்டு வரவில்லை. கீழே வெட்டிய வெட்டு அதைத் தடுத்துவிட்டது. கிளை தொப்பென்று விழவும் இல்லை. மேல் கிளையில் வடக்கயிறு போட்டுக் கட்டியிருந்ததை, கீழே நின்ற ஆள் மெதுவாக விட்டு விட்டு இறக்கினார். கொட்டாய் சீட்டில் ஒரு கீறல் இல்லை. மூன்றாவது வெட்டுதான் மீதி நின்ற மொட்டைக் கட்டைக்கு. அதைத் தண்டோடு ஒட்ட அறுக்காமல், கிளை கிளம்பும் இடத்தில் வளையம் போல் புடைத்திருக்குமே, அதை விட்டுவிட்டு அறுத்தார்.

“ஏப்பா, ஒட்ட அறுத்தா பார்க்க அழகா இருக்குமே?” என்று கேட்டேன்.

“கழுத்தை விட்டுட்டுத்தானுங்க அறுக்கோணும். கழுத்து போச்சுன்னா புண்ணு மூடாது. எங்கய்யன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது.”

அலெக்ஸ் ஷைகோ என்று ஓர் அமெரிக்க விஞ்ஞானி இருந்தார். அந்நாட்டு வனத்துறையில் வேலை பார்த்தவர். 2006இல் காலமானார். மரத்தைக் குறுக்கே அறுத்தே எல்லோரும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில், மெஷின் ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர் அவர். நம் தோலில் காயம் பட்டால் அந்த இடத்தில் புதுச் சதை வந்து ஆறிவிடும். மரத்துக்கு அப்படி ஆறுவதில்லை. காயம் பட்ட பகுதியைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. 1977இல் இதை அவர் ஒரு கோட்பாடாகவே வெளியிட்டார். அந்தப் புடைப்பு வளையத்தை வெட்டினால் மரம் சுவர் எழுப்பும் இடத்தையே வெட்டியதாகிவிடும் என்பதால்தான், அதை விட்டு அறுங்கள் என்று உலகம் முழுக்கப் போய்ச் சொன்னார். வெட்டுவாயில் பெயின்ட் அடிப்பதும், சிமெண்ட் பூசி அடைப்பதும் மரத்துக்கு உதவாது என்பதும் அவர் சொன்னதுதான். ஒன்பதாவதோடு நின்ற என் மாணவரின் அய்யனுக்கு ஷைகோவைத் தெரியாது. ஆனால் கை அதே இடத்தில்தான் ரம்பத்தை வைக்கச் சொல்லியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது நாம் தெருவில் தினமும் பார்க்கும் மொட்டையடிப்பு. கிளை கிளையாகப் பார்த்துக் கழிக்காமல், தலையையே வெட்டித் தூண் மாதிரி விட்டுவிடுவது. காற்றுக்குப் பயந்து செய்கிறோம் என்பார்கள். இலைதான் மரத்துக்கு அடுப்பங்கரை. அதை மொத்தமாக எடுத்துவிட்டால் மரம் பதறிப்போய் வெட்டுவாய் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். அந்தத் துளிர்கள் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. பிடிப்பு கிடையாது. நாலைந்து வருஷத்தில் கனத்து, சித்திரை மாதச் சூறைக்காற்றில் அவைதான் முதலில் முறிந்து விழும்.

வேர் விஷயமும் அப்படித்தான். சாக்கடை கட்டுகிறோம், சிமெண்ட் ரோடு போடுகிறோம் என்று ஜேசிபியை விட்டு ஒரு பக்க வேரை முழுசாக அறுத்துவிட்டு, மேலே பச்சையாக நிற்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறோம். 2022 ஜூன் 24 அன்று சென்னை கே.கே. நகரில் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் பெரிய மரம் சாய்ந்து ஒரு பெண் வங்கி மேலாளர் இறந்துபோனார். பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியதுதான் காரணமா என்ற விவாதம் அப்போது பெரிதாக எழுந்தது. டெல்லியில் 2013லேயே, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை உடைத்து எடுக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நம் வாசலுக்கு டைல்ஸ் போடும்போதாவது அந்த ஒரு மீட்டரை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

மரத்தைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். எடுத்தே ஆக வேண்டிய மரமும் உண்டு.

வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னையில் ஒன்றின் தண்டில், இரண்டாள் உயரத்தில், ஓட்டை விழுந்து செம்பழுப்பாக நீர் வடிந்துகொண்டிருந்தது. ஓட்டை வாயில் மென்று துப்பிய நார் மாதிரி இருந்தது. சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு உள்ளேயே இருந்து தண்டைத் தின்னும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதே மாணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டார். தட்டிப் பார்த்தார். நல்ல மரத்தில் டங்கென்று வரும் சத்தம் இதில் பொத்துப் பொத்தென்று வந்தது.

“எடுத்தாகோணுங்க டீச்சர். ஆனா இதுல நான் ஏற மாட்டேனுங்க.”

ஏறி மட்டையைக் கழித்து, தண்டைத் துண்டு துண்டாக இறக்குவதுதான் வீட்டோரத்தில் வழக்கம். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். அவரோடு சின்ன வயதிலிருந்து தொழில் செய்த கூட்டாளி இதே மாதிரி ஒரு மரத்தில் ஏறியிருக்கிறார். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வீட்டில் விசேஷம், இன்றைக்கே முடிய வேண்டும், ஐந்நூறு சேர்த்துத் தருகிறோம் என்று வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். பாதியில் தண்டு முறிந்தது. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் கொடுத்தவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவர் மனைவி நூல் மில்லுக்குப் போகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

“அவனுக்குத் தெரியாம ஏறலைங்க டீச்சர். தெரிஞ்சேதான் ஏறுனான்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் தென்னையை இறக்க அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நல்ல தென்னையில் ஏறி, நீளத் தொரட்டியால் கெட்ட மரத்தின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு மாட்டினார். காலி மனைப் பக்கம் நாலு பேர் கயிற்றைப் பிடித்து, மரத்தின் உயரத்துக்கும் தள்ளி நின்றார்கள். சாய வேண்டிய பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வெட்டு. எதிர்ப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் மேலே ரம்பம். இரண்டும் சேராமல் நடுவில் கொஞ்சம் விட்டு வைத்தார். அது கதவுக் கீல் மாதிரி நின்று மரத்தைத் திருப்பிவிடாமல் நேராகச் சாய்த்தது. தரையில் விழுந்ததும் ஓட்டை இருந்த இடத்தில் தண்டு இரண்டாக உடைந்தது. உள்ளே முக்கால்வாசி சக்கை. கட்டைவிரல் தடிமனில் புழுக்கள் நெளிந்தன. என் பேத்தி பயந்து உள்ளே ஓடிவிட்டாள். நான் அந்த உடைந்த இடத்தின் உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் ஏறி, கால் ஊன்றி, உடம்புப் பாரத்தைக் கொடுத்திருக்கக்கூடிய இடம் அது. அந்தத் துண்டுகளை அன்றே எரித்துவிட்டோம். மட்கிப்போகும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டும் முட்டையிடும் என்பதால், வெட்டிய மரத்தைத் தோப்பில் போட்டு வைப்பது மற்ற மரங்களுக்கு ஆபத்து.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். முடியாது என்று சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள். அவர் அப்படிச் சொன்னால் மதியுங்கள். இன்னும் ஐந்நூறு சேர்த்துத் தருகிறேன் என்று அவர் வாயை அடைக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் கூலி கொடுக்கும்போது, இன்சூரன்ஸ் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். சிரித்தார். மறுநாள் அவருக்குக் கணக்கு இருக்கும் பேங்குக்கு இரண்டு பேருமாகப் போனோம். பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டம் வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலும், முழு ஊனம் ஆனாலும் இரண்டு லட்சம். தென்னை ஏறுபவர்களுக்கென்றே கொச்சியில் இருக்கும் தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேரா சுரக்‌ஷா’ என்ற விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. மாநில அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களும் இருக்கின்றன. இவையெல்லாம் ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்றால் போதாது. ஆனால் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். உங்கள் வீட்டு மரத்தில் ஏறுகிறவரிடம் இதைக் கேளுங்கள். இல்லை என்றால் ஒருநாள் கூடப் போய்ச் சேர்த்துவிடுங்கள். ஓய்வுபெற்ற நமக்கு அதைவிட என்ன வேலை?

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக.

கரண்ட் கம்பி பக்கத்தில் கிளை இருந்தால், எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் லைனை நிறுத்தாமல் ஏற விடாதீர்கள். பச்சை மரத்தில் கரண்ட் பாயும். உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் சொல்லலாம், அல்லது மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியலாம்.

நம் சமவெளியில் சொந்தப் பட்டாவில் இருக்கும் வேம்பு, தென்னை போன்றவற்றுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. சந்தனம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். தெருவிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரம் உங்கள் வாசலுக்கு நேராக இருந்தாலும் உங்களுடையது அல்ல. அதற்குக் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது.

கழிப்பதற்கு நல்ல காலம், மார்கழி மழை ஓய்ந்த பிறகு, சித்திரைக் காற்றுக்கு முன்னால். முதல் நாளே கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குஞ்சு பறக்கும் வரை பெரும்பாலும் சில வாரங்கள்தான். அவசரம் இல்லாத கிளை அதுவரை காத்திருக்கும்.

இவ்வளவு பார்த்தாலும் மரம் விழவே விழாது என்று யாரும் உறுதி தர முடியாது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் முறையாகப் பரிசோதித்து வந்த 270 வருஷத்து மரம் 2017 பிப்ரவரியில் வேரோடு சாய்ந்து ஓர் இந்தியப் பெண் இறந்தார். அதற்காக அந்த ஊர்க்காரர்கள் மற்ற மரங்களையெல்லாம் வெட்டிவிடவில்லை. பார்த்துக்கொள்வதையும் நிறுத்தவில்லை.

எங்கள் வேம்பு மாசிக் கடைசியில் துளிர்த்தது. அடுத்த கார்த்திகையில் மறுபடி நுனி கருகியது, மறுபடி துளிர்த்தது. பக்கத்து வீட்டு அக்கா இப்போது மத்தியானத்தில் மாடுகளைக் கொட்டாயிலிருந்து அவிழ்த்து அந்த நிழலில்தான் கட்டுகிறார்.

இதைப் படித்துவிட்டு என் மாணவரின் போன் நம்பர் வேண்டும் என்று சிலர் கேட்பீர்கள். அவருக்கு நம் பக்கத்து வேலையே சரியாக இருக்கிறது. உங்கள் ஊரிலும் தட்டிப் பார்த்துச் சொல்கிற ஒருவர் இருப்பார். தேங்காய் போட வரும்போது ஒரு டம்ளர் மோர் கொடுத்து, உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள்.